இணைப்பு: பெயர்ப் பட்டியல், ஒரு பக்கம்

என் மனைவி மாதங்கி சட்டத்தை மீறியது சென்ற மே மாதம் பதினோராம் தேதி, காலை ஆறரை மணிக்கு. தேதியும் நேரமும் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அவற்றை முன்கூட்டியே எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்தவன் நான்தான்.

பெஹாலாவில் எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், தூர்ந்துபோன குளம் ஒன்றைச் சுற்றி முப்பத்தேழு குடிசைகள். நாங்கள் இங்கே வருவதற்கு முன்பிருந்தே அந்த பஸ்தி இருந்தது. நிலம் யாருக்குச் சொந்தம் என்று அலிப்பூர் கோர்ட்டில் ஒரு வழக்கு, கட்டடம் கட்டுகிற ஒருவருக்கும் ஒரு டிரஸ்டுக்கும் நடுவே. அங்கே குடியிருப்பவர்களை இரண்டு தரப்புமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக யாரோ ஒரு வக்கீல் இலவசமாக ஒரு மனு போட்டிருந்தார். நீதிபதி மாற்றலாகிப் போனார். புதியவர் வந்து மனுவைக் கேட்கப்போகும் தேதி ஜூன் இரண்டு.

ஏப்ரல் கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. குடிசைக்காரர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். தெருக்குழாய் அடைக்கப்படும். அவர்களுக்குத் தண்ணீரோ மின்சாரமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை. அந்தக் காகிதத்தை எங்கள் கேட்டிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் வெயில் நாற்பத்திரண்டைத் தொட்டது. நடைபாதையில் செத்துக் கிடந்த காக்கைகளை நானே இரண்டு முறை பார்த்தேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்தவளும் அந்த பஸ்திக்காரிதான். ஷெஃபாலி என்று வைத்துக்கொள்கிறேன். பதினோரு வருஷமாக வருகிறாள். ஒருநாள் கிளம்பும்போது முந்தானைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். மாதங்கி கூப்பிட்டு நிறுத்தினாள். உள்ளே இரண்டு பாட்டில் தண்ணீர். எங்கள் சமையலறைக் குழாயில் பிடித்தது. வங்காள மொழியில்தான் பேசிக்கொண்டார்கள்; பௌதி என்றால் அண்ணி.

"கேட்டா குடுக்கமாட்டேனா? எதுக்கு ஒளிச்சு எடுத்துட்டுப் போறே?"

"கேட்டா நீங்க குடுப்பீங்க, பௌதி. அதான் கேக்கல" என்றாள் ஷெஃபாலி. "கேட்ல பேப்பர் ஒட்டியிருக்கே. நீங்க குடுத்தா கேஸ் உங்க மேல. நான் திருடினா என் மேலதானே?"

மாதங்கி அந்தப் பாட்டில்களைத் திரும்ப அவளிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"செடிக்குத் தண்ணி விடற பைப் எவ்வளவு நீளம் இருக்கும்?"

"எதுக்கு?"

"மதிலைத் தாண்டுமா?"

தாண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மாடியில் இருக்கும் தாபஸ் பாபுதான் எங்கள் கட்டடத்தின் செயலாளர். அவரிடம் சொல்லாமல் செய்ய முடியாது என்பதால் கூப்பிட்டுப் பேசினோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"குடுங்க பௌதி, யார் வேணாம்னாங்க? விடியறதுக்குள்ள குடுத்து முடிச்சிடுங்க. அந்த நேரத்துல எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. செடிக்குத் தண்ணி விட்டீங்க, பைப் நழுவி அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. தினமும் நழுவுது. என்ன செய்ய, பழைய பைப்!"

அவர் சொன்னதை அன்றே கேட்டிருக்கலாம். நான்தான் குறுக்கே பேசினேன்.

"அப்படித் திருட்டுத்தனமா செய்யக்கூடாது" என்றேன். "அந்த உத்தரவு அநியாயம்னா, அநியாயம்னு சொல்லிட்டு மீறணும். இன்ன தேதி, இன்ன நேரம், நாங்கதான் செய்யப்போறோம், தண்டனை உண்டுன்னா வாங்கிக்கத் தயார்னு எழுதிக் கொடுக்கணும். மறைச்சுச் செஞ்சா அது வெறும் குற்றம். வெளிப்படையாச் செஞ்சாத்தான் அதுக்குப் பேர் மறுப்பு."

தாபஸ் பாபு எழுந்துகொண்டார். "சந்தானம்தா, நீங்க பெரிய மனுஷன்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னதோடு மாடிக்குப் போய்விட்டார்.

மாதங்கி சிரித்தாள். "ஆபீஸ்ல பேனா காணாமப் போனாக்கூட லெட்டர் போட்டுட்டுத்தான் தேடுவேள். தண்ணி விடறதுக்கும் லெட்டரா? சரி, போடுங்கோ. உங்களுக்கும் ஒரு வேலை வேண்டாமா?"

டல்ஹவுசியில் ஒரு பழைய தேயிலைக் கம்பெனியின் கடிதப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவன் நான். அங்கே சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது இது: கடிதத்தில் ஒரு எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்கு ஆதாரம் இணைப்பில் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத கடிதம் வெறும் பேச்சு. முப்பத்தேழு குடும்பங்களுக்குத் தண்ணீர் தரப்போகிறோம் என்று எழுதினேன். எழுதியதும் கை தானாகவே அடுத்த வரிக்குப் போயிற்று. இணைப்பு: பெயர்ப் பட்டியல், ஒரு பக்கம்.

பட்டியல் மாதங்கியின் நோட்டில் இருந்தது. எந்தக் குடும்பம் எப்போது குடத்தோடு வர வேண்டும் என்று ஷெஃபாலியிடம் கேட்டுக் கேட்டு அவள் எழுதிய முறை வரிசை. அலமாரி மேல் நோட்டை வைத்துவிட்டு அவள் சமையலில் இருந்தாள். நான் எடுத்து, வரிசை மாறாமல், சுத்தமாகத் தட்டச்சு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நம்மிடம் ஒளிக்க எதுவும் இல்லை என்பதைக் காட்டத்தானே கடிதமே.

மே ஒன்பதாம் தேதி காவல் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் பரோபாபு என்று கூப்பிட்டார்கள். என்னை விட இருபது வயது இளையவர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கடிதத்தை வேகமாகப் படித்துக் கீழே வைத்தார். இணைப்பை எடுத்து மெதுவாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் விரலை நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தி, திரும்ப மேலே போய், மறுபடி இறங்கினார்.

"அருமையான பட்டியல், மஷாய்" என்றார். "எங்க ஆளுங்க மூணு மாசமா அந்த பஸ்தியைச் சுத்தறாங்க. ஒருத்தன் வாயிலேருந்தும் பேர் வரல. நீங்க இவ்வளவு சுத்தமா, குடும்பத் தலைவர் பேரோட..."

"பழக்கம்" என்றேன்.

நகலில் முத்திரை குத்தித் தந்தார். வாசல்வரை கூடவே வந்தார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. வேலையை விட்ட பிறகு என் கடிதம் ஒன்றை யாராவது பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பதினோராம் தேதி காலை மாதங்கி முக்காலியின் மேல் ஏறி மதிலுக்கு மேல் பைப்பைப் போட்டாள். அந்தப் பக்கம் ஷெஃபாலி முனையைப் பிடித்தாள். சத்தமே இல்லை. குடங்களின் கிணுக்கென்ற ஒலியும், தண்ணீர் நிரம்ப நிரம்ப மாறும் அதன் தொனியும் மட்டும் கேட்டன. தெருவில் எதிர்ப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதில் சாய்ந்திருந்தவர் போனில் படம் எடுத்தார். நான் வாசலில் கைகட்டி நின்றேன். கைது செய்ய வருவார்கள் என்று துவைத்த சட்டை போட்டிருந்தேன். யாரும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மோட்டார் சைக்கிள் மட்டும் வந்தது.

"பாத்தியா?" என்றேன் மாதங்கியிடம். "வெளிப்படையா இருந்தா அவாளால ஒண்ணும் பண்ண முடியலை."

"அவா ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "கோவமா வந்தா, ஏதோ மனுஷன் வந்திருக்கான்னு இருக்கும்."

பதினைந்தாம் தேதி, தண்ணீர் விட்டு முடிந்த நேரம். சுண்ணாம்புக் கட்டியோடு ஒருவனும் காகிதக் கட்டோடு இன்னொருவனும் பஸ்திக்குள் வந்தார்கள். கதவுக்குக் கதவு ஒரு எண்ணை எழுதிவிட்டு, அந்தக் கதவிலேயே ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். மாதங்கி முக்காலியிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சமையலறை ஜன்னலிலிருந்து அவள் முதுகை மட்டும்தான் பார்த்தேன். அந்த முதுகில் ஏதோ மாறியது. இறங்கி உள்ளே வந்தாள். முதலில் கையை அலம்பிக்கொண்டாள்.

"என் நோட்டை யார்கிட்ட காமிச்சேள்?"

"யார்கிட்டயும் இல்லே. ஏன்?"

"முதல் வீட்டுக்குப் பதினாலுன்னு போடறான். அடுத்ததுக்கு முப்பது. கோடியில சாக்கடைகிட்ட இருக்கற நிதாய் வீட்டுக்கு ஒண்ணு. உலகத்துல யாராவது வீட்டுக்கு அப்படி நம்பர் போடுவாளா? அது என் வரிசையாக்கும். நான் போட்ட வரிசை."

அலமாரியிலிருந்து கடிதக் கோப்பை எடுத்து, முத்திரை குத்திய நகலை அவள் முன் வைத்தேன். இணைப்பைப் பார்த்தாள். நின்றபடியே முழுதும் படித்தாள்.

அவள் போட்ட வரிசையை இப்போது சொல்ல வேண்டும். வெயிலில் நிற்க முடியாதவர்களை அவள் முதலில் வைத்திருந்தாள். ஒன்று, நிதாய் மண்டல், பக்கவாதத்தில் படுத்தவர். இரண்டு, எட்டு மாதக் கர்ப்பிணியான டும்பா. மூன்று, நுரையீரல் நோய்க்காரி ஒருத்தி. அப்படியே போய், உடம்பில் தெம்பு இருப்பவர்கள் கடைசியில். ஷெஃபாலி இருபத்திரண்டு.

"நீங்க மறைக்காம இருந்தது தப்புன்னு சொல்லலை" என்றாள் மாதங்கி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஜெயிலுக்குப் போறேன்னு நீங்க எழுதிக் கொடுக்கலாம். நான் போறேன்னும் எழுதலாம், நான் சரின்னேன். டும்பா போறேன்னு யார் சொன்னா?"

அன்று சாயங்காலம் தாபஸ் பாபு இறங்கி வந்து, ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்து எங்களுக்கு விளக்கினார். இடிக்க வேண்டுமென்றால் பெயர் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், ஐந்து நாள் அவகாசம் தர வேண்டும். பெயர் தெரியாததால்தான் மூன்று மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். "எப்படியோ பேர் கிடைச்சிருக்கு" என்றார். அவருக்கு எப்படி என்று தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது அதனால்தான்.

மாதங்கி மறுநாள் பஸ்திக்குள் போய் முப்பத்தேழு வீட்டிலும் ஏறி இறங்கினாள். என் கணவர் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார், முடிந்தவர்கள் போய்விடுங்கள் என்று அவளே சொன்னாள். நான் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தெம்பு இருந்தவர்கள் கிளம்பினார்கள். பட்டியலின் பின்பாதி காலியானது. முன்பாதியால் எங்கே போக முடியும்? ஷெஃபாலி போகவில்லை. அவள் பெண்ணுக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு.

தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு. ஜூன் இரண்டுவரை இவர்களை இங்கே உயிரோடு வைத்திருந்தால் போதும், மற்றதை நீதிபதி பார்த்துக்கொள்வார் என்பாள். இனிமேல் வேண்டாம் என்று ஹைதராபாத்திலிருந்து எங்கள் பெண் ரோஹிணி அழுதாள். "அம்மா, ஹார்ட் பேஷண்ட் நீ. ப்ளீஸ்." மாதங்கி, "இன்னும் பதினஞ்சு நாள்தான்டி. அப்புறம் நீ சொல்றபடி அங்க வந்து ஏசியில படுத்துக்கறேன்" என்றாள்.

இருபத்தோராம் தேதி காலை எட்டு மணிக்கு வண்டிகள் வந்தன. மதிலுக்கு அருகில் இருந்த வீடுகளை விட்டுவிட்டு நேரே கோடிக்குப் போயின. கையில் காகிதம் வைத்திருந்தவன் ஒன்று என்று கூப்பிட்டான். அவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எண் வரிசையில் செய்யச் சொல்லியிருப்பார்கள், எண் வரிசையில் செய்தார்கள். நிதாயைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள். கட்டில் கால் ஒன்று சாக்கடையில் இறங்கியது. மாதங்கி அந்தக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கூடவே ஐந்தாறு பெண்கள். அவள் யாரையும் திட்டவில்லை, கையை நீட்டித் தடுக்கவும் இல்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். இரண்டு பெண் போலீசார் அவளைப் பிடித்து எழுப்பியபோது, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு நிமிஷம் கேட்டாள். கொடுத்தார்கள்.

நான் அந்தக் கடிதக் கோப்பை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினேன். எதற்குக் கோப்பு என்று தெரியாது.

அவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. ஒரு கான்ஸ்டபிள் இரண்டு முறை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தாள். மேலே தகரக் கூரை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இனிமேல் தண்ணீர் தரமாட்டேன் என்று உறுதிமொழி, மூன்று வரி. அதை நான்தான் அவளிடம் கொண்டுபோனேன்.

"போட்டுடு. வீட்டுக்குப் போகலாம். உன் முகமே சரியில்லே."

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே."

"யாருக்குக் கொடுப்பே மாதங்கி? வீடே இல்லையே அங்க."

"வீட்டை இடிச்சா தாகம் போயிடுமா?" என்றாள். பிறகு என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். "நன்னாத்தான் எழுதியிருக்கா. உங்க அளவுக்கு இல்லே."

மூன்று மணிக்கு டாக்டர் வேண்டும் என்று கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார் மேஜையில் இருந்தவர். எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோதே பெஞ்சில் அவள் பக்கவாட்டில் சரிந்தாள். பாதி வாக்கியத்தில் பேனாவை வைத்துவிட்டு ஓடினேன். என் வாழ்க்கையில் முடிக்காமல் விட்ட விண்ணப்பம் அது ஒன்றுதான்.

ஜூன் இரண்டாம் தேதி புதிய நீதிபதி மனுவைக் கையில் எடுத்தார். அந்த நிலத்தில் இப்போது யாரும் குடியில்லை என்று எதிர்த் தரப்பு வக்கீல் சொன்னார். உண்மைதான். மனு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

பட்டியலில் இருந்தவர்கள் மீது ஆக்கிரமிப்பு வழக்கு போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார்கள். நம்பிப் போன நிதாயின் மகன் வெகு நாள் வெளியே வரவில்லை. மற்றவர்கள் சிதறினார்கள். சிலர் சாந்த்ராகாச்சியில் ரயில் பாதையோரம் தார்ப்பாய் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இடித்த அன்று ஷெஃபாலி பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அதனால் அகப்படவில்லை. மாதங்கிக்குக் காரியமெல்லாம் முடிந்த ஐந்தாம் நாள், சமையலறைப் பக்கக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். தோளில் பெண், கையில் ஒரு பை.

"தாதா, என் பேர் இருபத்திரண்டாவதா இருக்காம். தலைமறைவுன்னு எழுதியிருக்காங்களாம்" என்றாள். இருக்க இடம் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் நான் கொடுப்பேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. பின்னறையில் மாதங்கியின் துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினேன்.

ஜூலையில், தண்ணீர் கொடுத்ததற்காக எங்கள் மீது போட்டிருந்த வழக்கு அலிப்பூரில் வந்தது. முதல் எதிரி இறந்துவிட்டதால் அவர் பெயர் நீக்கப்படுகிறது என்று படித்தார்கள். இரண்டாம் எதிரி நான். என் வக்கீல் காதருகே குனிந்து, "எல்லாம் உங்க மனைவி செஞ்சதுன்னு சொல்லுங்க. பைப்பை நீங்க ஒருநாள்கூடத் தொடலையே. உண்மைதானே? இன்னைக்கே விட்டுடுவாங்க" என்றார்.

உண்மைதான். பைப்பை நான் தொட்டதே இல்லை.

"தண்ணீர் நாங்கள் இருவரும் சேர்ந்து கொடுத்தது. அது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. தண்டனை கொடுங்கள்" என்றேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அரசு வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். என் இணைப்பு. ஓரங்கள் மடங்கி, பல கை பட்டு அழுக்காகியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்பு டிக். டும்பாவுக்கு இரண்டு டிக். ஏன் இரண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

"இந்த இருபத்திரண்டாம் எண், உங்கள் வீட்டில் வேலை செய்தவர். எங்கே இருக்கிறார்?"

பரோபாபு சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் சமையலறையில் பெண்ணுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றேன்.

எழுபது வயதில் சொன்னேன். நாக்கு குழறவில்லை. எழுதிக்கொண்டார்கள். செப்டம்பருக்குத் தேதி கொடுத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் பரோபாபு என்னைப் பிடித்துக்கொண்டார். மாதங்கிக்காக வருத்தம் தெரிவித்தார், நிஜமாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "வீட்டைச் சோதனை போடணும்னு மேலே சொன்னாங்க, மஷாய். நான்தான் வேணாம்னேன். சந்தானம் பாபு மறைக்கற ஆள் இல்ல, அவர் வீட்ல இருந்தா அவரே லெட்டர் போட்டிருப்பார்னு சொன்னேன்." என் தோளைத் தட்டினார். "எவ்வளவு நாளைக்கு அவங்க என் பேச்சைக் கேப்பாங்கன்னு மட்டும் தெரியல."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாரா, எச்சரித்தாரா என்று என்னால் கண்டுகொள்ள முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது எதிர்ப் பக்கம் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதே மோட்டார் சைக்கிளா என்றும் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். ஷெஃபாலி என்னைப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் பையைக் கட்டிவிட்டாள்.

இதை எழுதுகிற இன்று அவள் இங்கே இல்லை. அவள் பெயர் ஷெஃபாலி இல்லை, அவள் எண் இருபத்திரண்டும் இல்லை. டும்பாவும் நிதாயும் வேறு பெயர்க்காரர்கள். தாபஸ் பாபு மாடியில் குடியிருக்கவில்லை. மாதங்கி பெயரும் என் பெயரும் மட்டும் சரியானவை. நான் ஷெஃபாலி என்று சொன்னவள் எங்கே போனாள், எந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினாள், இப்போது எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். செப்டம்பரில் மறுபடியும் கேட்பார்கள்.